எந்த ‘நான்தான்’?

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

போன செவ்வாய்க்கிழமை போனில் உன்னை நாயே, பரதேசி என்று திட்டியது நான்தான். ராங் நம்பர் இல்லை.

ஆறு வருஷம் கழித்துக் கூப்பிட்டவன் பேரைச் சொல்லக்கூடாதா? “அக்கா, நான்தான். தெரியுதா?” என்றாய். ஏமாற்றுக்காரர்கள் ஆரம்பிப்பதே அப்படித்தான். பக்கத்துக் கடை டெய்லர் “யாரு, மச்சானா?” என்று அவராகவே எடுத்துக் கொடுத்து, இல்லாத மச்சானுக்குப் பணம் அனுப்பிவிட்டு நிற்கிறார். அதனால் நான் உஷாராக “எந்த நான்தான்?” என்றேன். நீ வாயைத் திறக்கவில்லை. “உங்க வீட்ல அக்கா தங்கச்சி இல்லையாடா?” என்று பிடித்துக்கொண்டேன். வைக்குமுன் மூக்கால் ஒரு சிரிப்பு சிரித்தாயே, அதில்தான் தெரிந்தது. அதற்குள் கை நம்பரை பிளாக் செய்து அழித்தும் விட்டது.

இஸ்திரிக் கடையில் இப்போது நானும் பெட்டியும்தான். லோன் வேண்டுமா என்று தினம் ஒரு பெண் கூப்பிடுவாள். “அங்க மழையாம்மா?” என்று கேட்பேன், பாவம், பதில் சொல்வாள். அவளையும் பிளாக் செய்தாயிற்று. போன் ஊமையாகக் கிடக்கிறது.

உன் நம்பரை எழுதி அனுப்பு. பஸ் டிப்போ விலாசம் பழையதுதானே?

உன் வாயாடி அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு (அக்காவாக இருந்தால்),

கையெழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் நம்பர் கேட்கிறீர்கள். யார் கேட்டாலும் தரக்கூடாது என்று டிப்போவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அக்காவுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்கிறேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் எனக்கு ஏன் போன் வரவில்லை?

விடை எனக்கும் தெரியாது. சரியாக இருந்தால் தெரிந்துகொள்வேன்.

மெக்கானிக்


மார்ச் 22

தம்பி,

மெக்கானிக்காம். பெரிய கலெக்டர் மாதிரி கையெழுத்து வேறு.

மூன்று நாள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘அம்மாதான் சொல்லாதே என்றாள்’ என்று எழுதினேன். கிழித்துப் போட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

வாயில் தண்ணீர் விட்டது நான். துணி மாற்றியது நான். கண் திறக்கும்போதெல்லாம் “தம்பி வந்துட்டானா?” என்றாள். “நான் இருக்கேனேம்மா” என்றேன். “நீதான் எப்பவும் இருக்கியே” என்றாள்.

எனக்கு எரிந்தது. ஒரு நாளாவது என்னைக் கேட்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளினேன். பத்தாம் நாள் சொல்வதற்கு வேறு சேதி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நீ கேட்டபோது “நீ வந்து என்ன கிழிச்சிருப்ப?” என்றேன். ஒன்றும் கிழித்திருக்க வேண்டாம். வந்து நின்றிருந்தால் அவள் பார்த்திருப்பாள்.

பொறாமைதான், தம்பி. இதுதான் விடை. மார்க் போடுவது உன் இஷ்டம்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

திருடனாக இருந்தால் ‘அம்மாதான் சொல்லாதே என்றாள்’ என்றே எழுதியிருப்பான். நீதான்.

நம்பர் பின்பக்கம் இருக்கிறது, பிளாக்கை எடுத்துவிடு. ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

தம்பி


ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

நேற்று பத்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போதே கூப்பிட்டுவிட்டாய்.

“அக்கா.”

“ம்.”

“சாப்டியா?”

“ஆச்சு. நீ?”

“ம்.”

அவ்வளவுதான். அப்புறம் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. உன் பக்கம் ஏதோ பஸ்ஸை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள், அது கிளம்பவே இல்லை. இப்போது திட்டுவான், இப்போது திட்டுவான் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். நீ வைக்கவில்லை, அதனால் நானும் வைக்கவில்லை. இருபத்துமூன்று நிமிஷம் என்று போன் காட்டியது. இந்தக் கடையில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததே கிடையாது.

அடுத்த ஞாயிறும் கூப்பிடு. பேசாவிட்டாலும் பரவாயில்லை.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. நீ கூப்பிட்டபோது ஹெட்மாஸ்டரின் வெள்ளைச் சட்டை பெட்டிக்கு அடியில் இருந்தது. முதுகில் பெட்டி அளவுக்கு ஓட்டை. ஓட்டை உள்ளே போகும்படி மடித்து இன்று காலை கொடுத்தேன். மடிப்பு பிரமாதம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

உன் அக்கா