நிறம் தீர்ந்ததால் நின்றுபோன பத்துக் காசு

இன்று காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, கள்ளக்குறிச்சியில் எங்கள் தெரு மளிகைக் கடையில், நாட்டின் நாணயக் கொள்கை திருத்தப்பட்டது. இனிமேல் பத்து ரூபாய் நாணயம் செல்லாது. முன்மொழிந்தவர் கடைக்காரர்; வழிமொழிந்தவரும் அவரே.

"செல்லாதுன்னு யாருப்பா சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லல சார். யாரும் வாங்கல. நோட்டா குடுங்க."

நோட்டாகக் கொடுத்தேன். சீயக்காய்ப் பொட்டலத்தோடு வீட்டுக்கு நடக்கும்போது உன் நினைவு வந்தது. நீ இருந்திருந்தால் அங்கேயே நின்று மத்தியானம்வரை சண்டை போட்டிருப்பாய். பிறத்தியாருடைய பத்துக் காசுக்காகத் தொண்டை கட்டும்வரை கத்தியவன், எனக்குத் தெரிந்து, நீ ஒருவன்தான்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிச் சாய்த்த வருஷம் அது. மரங்களை அகற்றிய பிறகு பஸ் வந்தது, பேப்பர் வந்தது, போலீஸ் வந்தது. சில்லறை மட்டும் வரவில்லை. கடைகளில் மீதிக்கு மிட்டாய் கொடுத்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் ஆட்சேபித்ததும், வியாபாரிகள் சங்கம் நெல் மண்டியில் கூடி, சில்லறைக்குப் பதிலாகச் சொந்த அட்டை அச்சடிப்பது என்று தீர்மானித்தது. அச்சகம் வைத்திருந்ததால் உன்னைக் கூப்பிட்டார்கள். ஜவுளிக்கடை வைத்திருந்த என்னைத் தீர்மானம் எழுதக் கூப்பிட்டார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

பத்துக் காசு, நாலணா, எட்டணா, ஒரு ரூபாய் என்று நாலு அட்டை வேண்டும் என்றாய். பத்துக் காசு சின்னப்பொண்ணுக்காக. சந்தைக்குச் சந்தை, மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, உன் அச்சக வாசலில் சாக்கை விரித்து நெல்லிக்காய் விற்பாள். கூறு பத்துக் காசு. பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் வாங்கும். அந்தக் காசில்தான் சாயங்காலம் உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு மலையேறுவாள்.

"பத்து காசு இல்லன்னா அந்தப் பொம்பள இன்னாத்த விக்கும்?" என்று கேட்டாய். ஒருவரும் மறுக்கவில்லை. எழுத்துத் தெரியாதவர்களுக்காக அட்டைக்கு ஒரு நிறம் என்பதையும் ஏகமனதாக ஏற்றார்கள். தகராறு அங்கேதான் ஆரம்பித்தது.

மஞ்சள் போராடுகிறவர்களுடையது. நீலம் எதிர்த்தரப்புடையது. சிவப்பும் கருப்பும் கட்சிக்காரர்களுடையவை. பச்சைத் துண்டு போட்ட விவசாயிகள் ஏற்கெனவே கோபத்தில் இருந்தார்கள். எந்தக் கல்லாவில் எந்த நிறம் இருந்தால் எந்தக் கடைக்குக் கல் விழும் என்று இரண்டு மணி நேரம் ஆராய்ந்ததில், யாருக்கும் சொந்தமில்லாத நிறங்கள் இரண்டுதான் மிஞ்சின: ரோஸ், காப்பிப்பொடி.

"நெறம் ரெண்டுதான் கீது. அதனால காசும் ரெண்டுதான்," என்றார் தலைவரான மண்டிக்காரர். "எட்டணா, ஒரு ரூவா. முடிஞ்சுபோச்சு."

"பத்து காச வெள்ளையில போடறேங்க," என்றாய்.

"வெள்ளையா? கருமாதிப் பத்திரிகை மாரியா? எவன்யா கல்லாவுல வெப்பான்?"

"கருமாதிப் பத்திரிகைய வாங்கிக்கினு போயி பந்தியில குந்தறீங்களே, அது மட்டும் செல்லுதா?"

எல்லோரும் சிரித்தார்கள், மண்டிக்காரர் தவிர. "அஞ்சு கூறா சேத்து எட்டணாவுக்கு விக்கச் சொல்லுப்பா," என்றார்.

"எட்டணாவுக்கு நெல்லிக்கா துன்ற புள்ளைங்க எந்த ஊர்லங்க கீது?"

ரெண்டு அட்டை போதும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். நீ தூக்கவில்லை. நான் தூக்கினேன். வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்தாய்.

"என் கடை அவரு கட்டடத்துல கீதுப்பா," என்றேன்.

"கட்டடம் அவருது. கை உன்னுதுதான?"

நான் உள்ளே திரும்பிப் போனேன். தீர்மானத்தை நகல் எடுத்தேன். கையெழுத்து அன்று வழக்கத்தைவிட நன்றாக அமைந்தது.

அட்டை வந்த பிறகு முதல் சந்தையன்று நெல்லிக்காய் மூன்று மணிவரை அப்படியே கிடந்தது. பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "இன்னா சார், பத்து காசு செத்துப்பூட்டுதா?" என்று சின்னப்பொண்ணு என்னைக் கேட்டாள். நீ முழுச் சாக்கையும் ரோஸ் அட்டைகளாகக் கொடுத்து வாங்கினாய். அடுத்த வாரமும் வாங்கினாய். சாக்கை உதறிக்கொண்டே அவள் கேட்டாள்: "வாரா வாரம் நீயே துன்னுவியாண்ணா? வவுறு இன்னாத்துக்கு ஆவும்?" அதன்பின் உன் வீட்டில் ஆறு மாதம் நெல்லிக்காய் ஊறுகாய்தான். உன் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பாட்டிலைக் கையில் திணிப்பார். வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

இப்போதும் சங்கக் கூட்டத்துக்குப் போகிறேன். ஓட்டுக்கு விடும்போதெல்லாம் கை யாருடையது என்று நீ கேட்பது காதில் விழுகிறது. அதைக் கேட்டுக்கொண்டே தூக்கியும் இருக்கிறேன். அது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இதைவிட நல்ல சேதி என்னிடம் இல்லை.

அட்டைகள் நாலு மாதம் செல்லுபடியாயின. பிறகு வங்கிக்குப் பத்துக் காசு மூட்டை மூட்டையாக வந்தது. அதற்குள் சின்னப்பொண்ணு வருவது நின்று, அந்த இடத்தில் பிளாஸ்டிக் குடம் விற்கிறவர் கடை போட்டிருந்தார்.