கொடியில் காய்ந்த மஞ்சள் சட்டை

மார்ச் 4, இரவு

அன்புள்ள மேல்வீட்டு அக்காவுக்கு,

விசாரணைக்கென்று போலீஸ் உங்கள் ஃபோனை வாங்கிக்கொண்டு போனதிலிருந்து பேச வழியே இல்லை. நல்லவேளை, உங்கள் தம்பி வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். சாப்பிடுகிறீர்களா? ஒரு வாயாவது?

பொடிசுக்குக் கீழே ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறான். உங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். மேலே தையல் மிஷின் சத்தம் இல்லாமல் வீடே வீடாக இல்லை.

அக்கா, வாலு காணாமல் போனதைப் பற்றி இணையத்தில் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள், ஆனாலும் உங்கள் மகளுக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பாலூட்டும்போதும் ஒரு கையில் அதையேதான் படிக்கிறேன். "பிள்ளைக்குப் பால் குடுக்கிறியா, துப்பு குடுக்கிறியா?" என்று இவர் கேலி செய்கிறார். என்னால் கீழே வைக்க முடியவில்லை. டியூஷனுக்குப் போகிறேன் என்று படியிறங்கிய பதினாறு வயதுப் பெண் அப்படியே மாயமாவாளா? என் பிள்ளையும் ஒருநாள் இதே படியில்தானே இறங்குவான்?

ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது. மஞ்சள் கட்டம் போட்ட சட்டையில் போனாள் என்று போலீசில் சொன்னீர்கள். அவள் போன பிறகு, அன்று காலையே யாரோ எடுத்த படத்தில் அந்தச் சட்டை உங்கள் கொடியில் தொங்குகிறது. அக்குளுக்குக் கீழே ஏதோ கருப்பாகத் தெரிகிறது. கறை என்று சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். என்ன கறை என்று அவர்கள் எழுதுவதை நான் இங்கே எழுத மாட்டேன். நீங்கள் ஒரு வரி சொன்னால் போதும், எல்லார் வாயையும் அடைத்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா.

உங்கள்
கீழ்வீட்டுக்காரி


மார்ச் 9

பொடிசு அம்மாவுக்கு,

பல் முளைக்கும்போது பிள்ளை சிணுங்குவான், தூக்கி வைத்துக்கொள். சாப்பிடுகிறேன். தட்டு காலியாகும்வரை தம்பி பெண்டாட்டி பக்கத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை.

அந்தப் படத்தைத் தம்பி காட்டினான். ஓரத்தில் ஒரு குட்டிக் கால், பச்சைக் காலுறை. அந்தக் காலுறையைத் தைத்தவள் நான். படம் உன் பால்கனியிலிருந்து மேலே பார்த்து எடுத்தது.

கொடியில் இருப்பது உன் சட்டை. ஒரே துணியில் வாலுவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று தைத்தேனே, மறந்துவிட்டதா? பிள்ளை பெற்றபின், "கையைத் தூக்கவே முடியலக்கா, இறுக்குது" என்று கொண்டுவந்து கொடுத்தாய். அக்குளைப் பிரித்து மிச்சத் துணியில் ஒட்டு வைத்தேன். நீ போட்டுப் போட்டுச் சட்டை வெளுத்திருந்தது, பெட்டியில் கிடந்த துணி வெளுக்கவில்லை. கருப்பாகத் தெரிவது அந்த ஒட்டுதான். சாக்பீஸ் கோடு போகட்டும் என்று அலசிக் காயப்போட்டேன். மிஷினுக்குப் பின்னால் அலமாரியில் மடித்து வைத்திருக்கிறேன். சாவி உன்னிடம்தானே இருக்கிறது, போய்ப் பார்.

பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற அம்மா ஒருத்தி, மஞ்சள் கட்டச் சட்டையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தாள். "சட்டைதான் கொடியில தொங்குதே, இவளுக்கு விளம்பரம் கேக்குதா?" என்று உன் குழு ஆட்கள் அவளை ஏசித் தீர்த்துவிட்டார்கள். போலீசும் அவள் பேச்சை ஓரங்கட்டிவிட்டது. இப்போது தம்பி கூப்பிட்டால் எடுப்பதில்லை. என் பெண்ணைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

வாலு அம்மா


மார்ச் 12, இரவு

அக்கா,

சட்டை நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. போட்டுப் பார்த்தேன். கை தாராளமாகத் தூக்க வருகிறது. உங்கள் மிஷின் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

படத்தைக் குழுவில் போட்டது நான்தான், பேரை மறைத்துக்கொண்டு. பிள்ளை வெயிலில் காலாட்டுகிறானே என்று எடுத்தது. பிறகு பார்த்தால் பின்னால் சட்டை. என்னுடையது தைக்கக் கொடுத்ததே நினைவில் இல்லை. ஒரு வார்த்தை உங்களைக் கேட்டிருக்கலாம். "செம கண்ணு உங்களுக்கு!" என்று அத்தனை பேர் பாராட்டியதும் தூக்கமில்லாத மண்டைக்கு ஏறிவிட்டது.

உண்மையைக் குழுவில் எழுதினேன். ஒருவரும் நம்பவில்லை. "திடீர்னு எதுக்கு அம்மாக்காரிக்கு வக்காலத்து? யாரு இந்தப் பொம்பளை?" என்கிறார்கள். இப்போது சிவப்பு வட்டம் பொடிசின் காலைச் சுற்றி இருக்கிறது. இவர் ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டார். நான் எழுந்து எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன்.

நேற்று அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டிக்கெட் கவுன்ட்டருக்குப் போனேன். அந்தச் சட்டையைப் பார்த்ததும், மறுபடி ஏச வந்திருக்கிறேன் என்று அந்த அம்மா ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"நீங்க சொன்னது நிஜம்க்கா. கொடியில தொங்கினது இது, என் சட்டை. அவளோடது வேற" என்றேன்.

துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதே துணிதான். ஆனா அந்தப் பொண்ணு கையை மடிச்சு விட்டிருந்துச்சு. நடுவுல ஒரு பட்டன் மட்டும் சிவப்பு. சில்லறை எடுக்கறப்ப அதைத் திருகிக்கிட்டே நின்னுச்சு."

கடலோர ஊருக்கு டிக்கெட் வாங்கினாளாம், தனியாகத்தான் ஏறினாளாம். இருவருமாகப் போலீசுக்குப் போய் என் சட்டையைக் காட்டி எழுதிக் கொடுத்தோம்.

மன்னிக்கச் சொல்லவில்லை அக்கா. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

கீழ்வீட்டுக்காரி


மார்ச் 17

பொடிசு அம்மாவுக்கு,

அந்தச் சிவப்புப் பட்டன் நான் தைத்ததல்ல. "நீ மேட்சிங் தேடி முடிக்கறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்மா" என்று அவளே தைத்துக்கொண்டது. அதைப் போலீசிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. டிக்கெட் அம்மா பார்த்தது என் பெண்ணைத்தான்.

விடிந்ததும் தம்பியோடு அந்த ஊருக்குக் கிளம்புகிறேன். ஏன் போனாள் என்று இப்போது யோசிக்கவில்லை. இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும். அந்த அம்மாவை நீ பேச வைத்தாய், அதை மறக்க மாட்டேன். மற்றதையும்தான்.

இதைக் கொண்டுவரும் தம்பியிடம் என் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடு. செடிகளை மழை படும் இடத்தில் தள்ளி வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். இனி எழுதாதே. கோபம் என்று சொல்லிவிட்டால் சுலபமாக இருக்கும். அதற்குக்கூட இப்போது எனக்குள் இடமில்லை.

அவள் திரும்பி வந்தால் யாரும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் மஞ்சள் சட்டை காயும், சிவப்புப் பட்டனோடு. உன் பால்கனியிலிருந்து தெரியும்.

நிமிர்ந்து பார். படம் எடுக்காதே.

வாலு அம்மா