மைதானத்தில் நடத்திய கணக்கு வகுப்பு

அன்பு சித்ரலேகாவுக்கு,

நான் நலம். திருநெல்வேலித் தண்ணீர் ஒத்துக்கொண்டுவிட்டது. உன் முழங்கால் வலி குறைந்ததா? மாமாவுக்கு அறுவைக்குப் பின் பார்வை தெளிந்ததா?

இங்கே ஒரு சிறு விஷயம், கவலைப்படாதே. பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளைகளை எல்லாம் கணக்குக்கென்று என்னிடம் ஒப்படைத்தார் தலைமையாசிரியர். மாதக் கடைசியில் மாவட்டப் போட்டியில் ஓட வேண்டிய அந்த வகுப்பு மாணவி ஷம்ஸியாவும் அன்று சிறப்பு வகுப்புக்கு வர வேண்டுமாம்.

“ஓடி என்ன ஆவப் போவுது சார்வாள்? நூறு சதம் தேர்ச்சி வரணும்லா!” என்றார் அவர்.

நான் குரலை உயர்த்தவில்லை. பாடவேளை என்னுடையது என்றால் அதை எங்கே நடத்துவது என்பதும் என் முடிவே என்று சொல்லிவிட்டு, வகுப்பையே மைதானத்துக்கு அழைத்துச் சென்றேன். தாமிரபரணிப் பக்கமிருந்து வந்த சாரலில் மைதானமும் வயலும் ஒரே பச்சையாகக் கரைந்திருந்தன. அதனுள்ளே ஷம்ஸியா வெறுங்காலோடு ஓடினாள். எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே சிறிது நேரம் எனக்கு மறந்துபோயிற்று.

“நான் ஓடுதப்ப வயலும் கூடவே ஓடியாருது சார்!” என்றாள்.

தலைமையாசிரியர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். போட்டிக்கு அவளை நானே அழைத்துச் செல்வேன் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன்.

பருப்புப்பொடி அனுப்பு. தனியாகச் சாப்பிடும்போது எதுவும் ருசிப்பதில்லை. பரண்மேல் நம் மகள் ப்ரியாவின் ஓட்டக் காலணி இருக்கும். பத்தாம் வகுப்பில் அவளை ஓடாதே என்று நிறுத்தியவரும் இப்படியொரு தலைமையாசிரியர்தான். அவளிடம் கேட்டுவிட்டு அதையும் அனுப்பு. ஷம்ஸியாவின் பாதத்தைத் தாளில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். பொருந்துமா என்று பார்.

மணியடிக்கிறது. மைதானத்துக்குப் போக வேண்டும்.

உன்,
வைத்தியலிங்கம்