கிட்டத்தில் தெரிந்த வள்ளம்

ஐப்பசி 9, செவ்வாய்

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. "ரெண்டு கிலோமீட்டர் இருக்கும் மாமா" என்று இன்று காலை சொன்னது நான்தான்.

மணப்பாடு மேட்டில் நின்று பறவைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். கடலில் தூரத்தில் ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடப்பதும், ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதும் லென்ஸில் தெரிந்தது. படம் எடுத்துவிட்டுக் கீழே ஓடினேன். படகைத் தள்ளிக்கொண்டே அந்தோணி மாமா, "இங்கன இருந்து ஒண்ணும் தெரியலியே, எம்புட்டு தூரம்லே?" என்று கேட்டார். கேமராவில் வள்ளம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்தே தூரம் சொல்லிவிடுவேன். இதுவரை தப்பியதில்லை.

ஆனால் என் கேமரா ரிப்பேரில் கிடக்கிறது. இன்று வைத்திருந்தது இரவல் கேமரா. லென்ஸ் என்னுடையதுதான், சென்சார்தான் சின்னது. அதில் எல்லாமே ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். இது எனக்குத் தெரியாததா? அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

வள்ளம் கிடந்தது மூன்று கிலோமீட்டரில். நான் சொன்ன இடத்தில் மாமா முக்கால் மணி நேரம் தேடி அலைந்துவிட்டு அங்கே போனபோது வள்ளம் மட்டும்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த சூசை இல்லை.

சாயங்காலம் சூசையின் அம்மா வந்து படத்தைக் காட்டச் சொன்னார். கேமராவின் திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இம்புட்டுக் கிட்டக்கவாலே கெடந்தான் எம் புள்ள? பெறவு ஏன் ஒருத்தருக்கும் எட்டல?"

"நீரோட்டம் இழுத்துட்டுப் போயிருக்கும்ளா" என்றார் அந்தோணி மாமா.

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.