கருவாட்டு வீட்டில் குடுவைச் செடி

மணப்பட்டு
18.11.1973

அன்புள்ள அக்காவுக்கு, கண்ணகி எழுதுவது.

மாமாவோடு பட்டாளத்தில் இருக்கும் நம் ஊர் இன்னாசிமுத்து அண்ணன் லீவில் வந்தபோது நீ கொடுத்தனுப்பிய குடுவைச் செடி வந்தது. வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருஷத்துக்கு மேல் கழித்து உனக்கு அனுப்பத் தோன்றியது ஈ தின்னும் செடி. கருவாட்டு வியாபாரி வீட்டுக்குப் பொருத்தம்தான். அப்பாவிடம் உன் பெயரைச் சொல்லவில்லை. அண்ணன் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தார் என்றேன். “ஈ துன்ற செடியா? நம்ம கொட்டாய்க்கு ஒண்ணு பத்தாதுடி, தோப்பே வேணும்” என்றார்.

ஆனால் செடி நன்றாக இல்லை. இலை நுனி கருகுகிறது, குடுவைகள் காய்ந்து தொங்குகின்றன. முருங்கைக்கு ஊற்றுவதுபோல மீன் கழுவிய தண்ணீர்தான் தினமும் ஊற்றுகிறேன். ஊட்டம் போதவில்லையோ என்று ஒரு குடுவையில் நெத்திலியும் போட்டேன். நாறுகிறது. பதிலை அண்ணன் வீட்டு முகவரிக்கே போடு.

கண்ணகி

ஷில்லாங்
9.12.1973

என் தங்கச்சி கண்ணகிக்கு,

படித்துச் சிரித்தேன், பிறகு பயந்துபோனேன். மீன் தண்ணீரை இன்றே நிறுத்து. உப்பு வேரைக் கொன்றுவிடும். இது சத்தில்லாத மண்ணில் வளர்வது, அதனால்தான் பூச்சி பிடிக்கிறது என்று இங்கே தோட்டக்காரர் சொல்கிறார். வேரிலிருக்கும் மண்ணை அலசிவிட்டு, நன்றாக ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நாரில் நடு. மழைத் தண்ணீர் மட்டும் ஊற்று. வெயில் நேராக விழ வேண்டாம், வெளிச்சம் வேண்டும். ஈயை அதுவே பிடிக்கட்டும்.

எனக்கு மூன்றாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அங்கே வர ஆசை. அம்மா இல்லாவிட்டாலும் அது நான் பிறந்த வீடு. அப்பா மனம் நன்றாக இருக்கும்போது நீதான் கேட்க வேண்டும்.

உன் அக்கா
திரௌபதி

மணப்பட்டு
24.2.1974

அன்புள்ள அக்காவுக்கு,

செடி பிழைத்துவிட்டது. மார்கழி மழையில் பிடித்த தண்ணீரைச் சால் பானையில் மூடி வைத்து ஊற்றுகிறேன். புது இலை நுனியில் ஒரு குடுவை வந்து, போன வாரம் மூடி திறந்தது. கடல் காற்று படக் கூடாதென்று அப்பாவே ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டினார். சரக்கு எடுக்க வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். நான் சொன்னாலும் கேட்காமல் ஈ அடித்துப் போட்டு, “துன்னுடா மவராசா” என்கிறார்.

நீ சொன்னதை நான் இன்னும் கேட்கவில்லை. யாராவது என் பெயரைக் கேட்டாலே எனக்குப் பேச வாய் வராது என்று உனக்குத் தெரியும். நீ போன வாரமே அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். சோறாக்க ஆள் இல்லை, படித்துவிட்டு இவளும் ஓடுவாள் என்றார். எட்டாவது பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அதை நீ உன் கடிதத்தில் விசாரிக்கவே இல்லை.

கண்ணகி

ஷில்லாங்
20.3.1974

கண்ணகிக்கு,

பள்ளிக்கூட விஷயம் எனக்குத் தெரியும். விசாரிக்க முகமில்லை. என்னைத் திட்டு. ஆனாலும் கேள். என் வீட்டுக்காரருக்கு, உன் மாமாவுக்கு, எல்லைக்கு மாற்றல் வந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளையோடு இங்கே தனியாகக் கிடப்பேன். பெரிய வெள்ளிக்கு ஊர் வரும் இன்னாசிமுத்துவிடம் பதில் சொல்லியனுப்பு.

திரௌபதி

மணப்பட்டு
17.4.1974

அக்காவுக்கு,

கேட்டேன். அப்பா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “அது அக்கா குடுத்தது” என்றேன். திரும்பாமலே, “வந்த அன்னிக்கே தெரியும். எந்தப் பட்டாளத்தான்டி உனக்கு செடி தூக்கினு வருவான்?” என்றார். தெரிந்தும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாரே என்ற சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்கு ஏழாம் மாதம் என்பது, மாமாவின் மாற்றல், நீ தனியாக இருக்கப்போவது, எல்லாவற்றையும் கொட்டினேன். அவரிடம் அவ்வளவு நான் பேசியதே இல்லை.

முழுக்கக் கேட்டார்.

“செடி இருக்கட்டும். அவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. இட்டுனு போனவனே பாத்துக்கட்டும்” என்றார். செம்பில் மிச்சமிருந்ததையும் அதற்கே ஊற்றினார்.

அதனால் நீ வராதே.

செடியை உன்னிடமே சேர்க்கச் சொல்லி இன்னாசிமுத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். வேரை ஈர நாரில் சுற்றியிருக்கிறேன். அப்பா பாகூர் சந்தையிலிருந்து வந்ததும் தேடுவார், தேடட்டும். அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உன்னையே வைத்துக் காப்பாற்றியதுபோல அவர் நிம்மதியாகத் தூங்க வேண்டாம். எங்கே என்று கேட்டால் நான் வாய் திறக்கப் போவதில்லை.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டாயிற்று, எனக்கு இனி எழுதாதே. பிள்ளை பிறந்தால் மட்டும் அண்ணன் வீட்டுக்குச் சொல்லியனுப்பு.

கண்ணகி