ஐந்நூறு ரூபாய் முகம்

அன்பு மகள் ஃபிசாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஆயத்தும் அந்தக் கனடா குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க அல்லாஹ் கிருபை செய்வானாக. இங்கே உன் அம்மா சுகம், முட்டி வலி மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் வருகிறது, படி இறங்கிக் கல்யாண வீட்டுக்குப் போவதென்றால் போய்விடுகிறது. மேற்கு மாம்பலத்தில் மறுபடியும் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கடைக்கு வருகிறவர்கள் பலகை மேல் நடந்து வருகிறார்கள். நான்தான் சுகமில்லை மகளே. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. போனில் சொன்னால் உன் அம்மா காதில் விழும், அவளுக்கு இது தெரியாது, அதனால்தான் இத்தனை வருஷம் கழித்துக் காகிதம் எடுத்தேன், எழுதி முடித்ததும் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன்.

பழைய போட்டோ சரி பண்ணித் தருவதற்கு நான் எப்படி விலை சொல்வேன் என்று உனக்குத் தெரியும். வந்தவர் காலில் கிடக்கும் செருப்பைப் பார்ப்பேன், வாயில் வந்ததைச் சொல்வேன். நீ ரம்ஜானுக்கு வந்தபோது திட்டிவிட்டு, கீறலுக்கு இவ்வளவு, கிழிசலுக்கு இவ்வளவு, முகமே போன படத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு என்று பலகை எழுதி வைத்தாய். முகம் போன படத்துக்கு, வந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, மூக்கு யார் ஜாடை, சிரித்தால் எப்படி இருக்கும் என்று இரண்டு மூன்று சாயங்காலம் கேட்டுக் கேட்டுத்தான் நான் வரைவேன். அந்த நேரத்துக்கும் காசு கேளுங்கள் அத்தா, அதுதான் வேலையே என்றாய். நீ சொன்னது சரி. ஆனால் பலகையைப் படித்தவர்கள் அப்படியே திரும்பினார்கள், போனிலேயே சும்மா வருகிறது பாய் என்றார்கள். ஒன்றரை மாதம் ஈ ஓட்டினேன். கடைச் சொந்தக்காரர் வாடகையை ஏற்றப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே உன் பலகையைத் துடைத்துவிட்டு எந்தப் படமானாலும் ஐந்நூறு என்று எழுதினேன். உனக்குச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்வாய் என்று பயம்.

கூட்டம் வந்தது. அந்த விலைக்கு யாரை உட்கார வைக்க முடியும்? கம்ப்யூட்டரில் ஒரு புது வசதி வந்திருக்கிறது, பட்டனை அமுக்கினால் அதுவே முகத்தைப் போட்டுக் கொடுக்கிறது, நானும் அமுக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் பெருக்கித் துடைக்கும் வேலம்மா என்கிற அம்மா வந்தார்கள். அவருடைய மகள் பவானி ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டது. பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவில் எடுத்த ஒரே போட்டோ, அதுவும் அடுத்த வருஷ வெள்ளத்தில் ஊறி, பாதி முகம் பேப்பரோடு உரிந்து போயிருந்தது. அந்த அம்மா பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான், விவரமெல்லாம் வேண்டாம்மா, நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க என்று வாயை அடைத்துவிட்டேன். பின்னால் நாலு பேர் நின்றார்கள். முப்பது வருஷத்தில் ஒருவரையும் அப்படி நிறுத்தியதில்லை.

மறுநாள் படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்கள். அழுதார்கள். நான் கொடுத்த முகத்துக்கு முத்தம் கொடுத்தார்கள். பழசை இனிமேல் எதற்கு என்று என்னிடமே விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபிறகு சும்மா அதை லென்சில் வைத்துப் பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம். மிஞ்சியிருந்த பாதியைத் தண்ணீர் தொடவே இல்லை, அச்சு சுத்தமாக இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கண்ணின் இமை கொஞ்சம் தொங்கியிருக்கிறது, பிறவியிலேயே அப்படி. அந்த யந்திரம் அதையும் கோளாறு என்று நினைத்து நேராக்கி, இரண்டு பெரிய கண்ணாக வைத்து, விளம்பரத்தில் வரும் பிள்ளை மாதிரி ஆக்கிவிட்டது. நான் கவனிக்கவில்லை ஃபிசா. அது பவானி இல்லை. வேறு யாருமே இல்லை.

நாலாம் நாள் போன் போட்டு, இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி, காசு வேண்டாம், வந்து உட்காருங்கள் என்று வரவழைத்தேன். கையால் முதலிலிருந்து செய்துவிடலாம் என்று நினைப்பு. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன், பிள்ளைக்குக் கண் எப்படி இருக்கும் என்று. பெரிய பெரிய கண்ணு, நல்லா முழிச்சுப் பார்க்கும் என்றார்கள். சிரித்தால்? கன்னத்தில் குழி விழும் என்றார்கள். குழியை அந்த யந்திரம்தான் போட்டது. நான் கேட்கக் கேட்க, அந்த அம்மா என் ஐந்நூறு ரூபாய் படத்தைத்தான் எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். பழைய போட்டோவை எடுத்து முன்னால் வைத்தேன், பெற்றவளுக்கு ஞாபகம் வந்துவிடும் என்று. இமையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணியில ஊறி கண்ணு எப்டி சொருவிக்கினு கீது பாரு பாய், நீதான் நேர் பண்ணிக் குடுத்த" என்றார்கள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைக்கு வருஷப் படையல், தங்கச்சி வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் இரண்டு பிரதி கேட்டிருக்கிறார்கள். போட்டுக் கொடுத்தால் மூன்று வீட்டில் பொய் முகத்துக்கு விளக்கேற்றுவார்கள். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாவிடம் என்ன மிச்சம் இருக்கும்? நாலு நாள் முன்னால் அவர்கள் மனதில் ஒரு முகம் இருந்தது, நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், இப்போது அது எங்கேயும் இல்லை. தொழுகையில் நின்றால் அந்த இமைதான் தெரிகிறது. நீ வியாழக்கிழமைக்குள் எனக்கு ஒரு வழி சொல்லு மகளே, கடைக்குப் போன் போடு, வீட்டுக்குப் போடாதே. ஐந்நூறு பலகையை இறக்கிவிட்டேன். இனிமேல் நீ எழுதிய விலைதான், ஆள் வராவிட்டால் கடையைப் பூட்டிவிடுகிறேன், இன்னொரு தாய்க்கு இதைச் செய்ய என்னால் ஆகாது.

மாப்பிள்ளைக்கு சலாம் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. உன் தலைமேல் கை வைத்து துஆ செய்கிறேன், உங்கள் மூவரையும் அல்லாஹ் காப்பான். ஒன்று மறந்துவிடாதே. போன வாரம் ஆயத் போட்டோ அனுப்பினாயே, அதில் அவள் நெற்றித் தழும்பைக் காணோம், போன் தானாகவே அழித்திருக்கிறது. அந்த வசதியை நிறுத்திவிட்டு, தழும்போடு ஒன்று எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் அத்தா
இனாயத்