கல்லில் தம்பியின் பெயர்

பினாங்கு, 12 மே 1929

வணக்கத்திற்குரிய ஐயாவே, என் முறையீட்டைக் கேட்டருளுங்கள்: தாங்கள் போரில் உயிர்நீத்ததாக இவ்வூரில் எழுதிவிட்டார்கள். தாங்கள் நலந்தானே? அம்மாவின் முழங்கால் நோவு தணிந்ததா?

கடற்கரைத் திடலில் போர் நினைவுத்தூண் எழுகிறது. சிலையேதுமின்றி மேல்நோக்கிச் சிறுத்துச் செல்லும் கருங்கல். அதன் அடியில் மாண்டோர் பெயர்களை வெட்டுவார்கள். பட்டியலில் ‘கதிரவேலு’ என்று தங்கள் பெயரைக் கண்டு திகைத்தேன். இங்குள்ளோர் தம் பெயரை முன்னே எழுதுவர். நாமோ தந்தை பெயரை முன்வைப்போம். அதை அறியாத எழுத்தர், இங்கிருந்து அரபு நாட்டுப் பசுராப் போர்முனைக்குச் சென்று மாண்ட தம்பி அம்பலவாணனை விட்டுவிட்டுத் தங்களைச் சேர்த்துவிட்டார்.

திடலில் நின்று ஒரு மணிநேரம் முழங்கினேன். கல்வெட்டும் காசிம் உளியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணே, எங்கிட்ட கத்தி என்னலா செய்ய? அப்பா உசுரோட இருக்காருன்னு ஒரு தாள் கொண்டாங்க, மாத்தி வெட்டிடறேன்.”

நானும் சிரித்துவிட்டேன்.

கூழ் காய்ச்சப் பனங்கிழங்கு ஒடியல் மா சிறிது அனுப்புங்கள். தம்பி எழுதிய பழைய கடிதம் ஒன்றும் வேண்டும். மாலையில் அறையில் பேச்சுத்துணை இல்லை.

அஞ்சல் மூடும் நேரமாயிற்று. அடுத்த மாதம் பெயர் வெட்டத் தொடங்குவார்கள். ஐயா, இக்கடிதம் கண்ட அன்றே நம் ஊர் அதிகாரி விதானையாரிடம் செல்லுங்கள். தாங்கள் உயிரோடிருப்பதற்கு அவர் கையொப்பம் பெற்று அடுத்த கப்பலிலேயே அனுப்புங்கள். தம்பியின் இடத்தைத் தம்பிக்கே விட்டுக்கொடுங்கள்.

தங்கள் மகன்,
பொன்னுத்துரை